தோரின் தூண்டிலும் ஹைமிரின் வள்ளமும்: பாப்பாமோட்டைக் கடலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஐஸ்லாந்துப் புலவர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220ஆம் ஆண்டளவில் எழுதிய 'எட்டா'வில், இடிக்கடவுள் தோர் மீன்பிடிக்கப் போன கதை வருகிறது. அதில் பிரளயம், பிரபஞ்சம் எல்லாம் கண்டுவிட்டார்கள் அறிஞர்கள். கதையில் உடைந்த வள்ளத்துக்கு நட்டஈடு கொடுத்தது யார் என்பதே எமது ஆய்வுச் சிக்கல்.

ஹைமிர் என்ற அரக்கன் கடற்றொழிலாளி. வழக்கமாகத் தட்டைமீன் படும் இடம் வந்ததும் போதுமென்கிறான். வள்ளத்தில் தொற்றிக்கொண்ட தோரோ இன்னும் வெளியே போகவேண்டுமென்று தண்டு வலிக்கிறான். கையில் இரை, ஹைமிரின் மந்தையிலேயே பெரிய எருதின் திருகிய தலை. உலகைச் சுற்றி வால் கவ்விக் கிடக்கும் யோர்முங்காண்டர் என்ற பாம்பு தூண்டிலில் கொளுவுகிறது. தோர் உன்னிய உன்னலில் இரு கால்களும் அடிப்பலகையைப் பிய்த்துக்கொண்டு கடலடியில் ஊன்றுகின்றன. அவன் சுத்தியலை ஓங்கும்போது ஹைமிர் கயிற்றை அறுத்துவிடுகிறான். அதற்குக் கூலி காதடியில் ஒரு குத்து. தலைகீழாக விழுந்தவனின் உள்ளங்கால்தான் மேலே தெரிந்தது. தோர் நடந்தே கரைசேர்ந்தான்.

நடந்து கரைசேர்ந்த பகுதி மட்டுமே பாக்கு விரிகுடாக் கரையிலுள்ள எமது பாப்பாமோட்டைக்குப் பொருந்துகிறது. விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்குள்தான்; கரையோரத்தில் அதுவும் இல்லை. இங்கே கடலடியில் காலூன்ற வள்ளத்தை உடைக்கத் தேவையில்லை, இறங்கி நின்றால் சரி. உலகைச் சுற்றும் பாம்பு இவ்வழி வந்தால் முதுகு வெயிலில் காயும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே தெரியும் மணல்திட்டுகள் அந்த முதுகுதான் என்று நிறுவ எமக்கு ஆசை உண்டு. ஆனால் அக்காணிக்கு இராமரும் ஆதாமும் ஏற்கெனவே உரிமை கோரியிருக்கிறார்கள். மூன்றாவது உறுதியோடு போய் நிற்கத் துணிவில்லை. (எருதுத் தலை விடயத்தில் விவாதமே இல்லை. நண்டும் இறாலும் பட்டால் சந்தோசப்படும் கரையில் இரைச் செலவு கட்டாது.)

இன்றைய சிறுவர் நாவல்கள் இச்சிக்கலைக் கவனித்தனவா? நீல் கெய்மன் 2008இல் தோரைக் கரடியாகவும் தந்திரக் கடவுள் லோகியை நரியாகவும் மாற்றிச் சச்சரவுபட வைத்தார். 2015இல் தொடங்கிய மக்னஸ் சேஸ் வரிசையில் ரிக் ரியோர்டனின் தோர் ஒரு தொலைக்காட்சிப் பைத்தியம். சிரிப்பெல்லாம் தேவர் பக்கமே. ஹைமிரை ஸ்னோரியே முகம் வெளிறிய பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டார். நட்டஈடு பற்றி மூச்சும் விடவில்லை. எமக்கோ கதையில் புத்தியுள்ள ஒரே ஆள் அவன்தான்.

எருது போயிற்று, கயிறு போயிற்று, வள்ளத்தில் இரண்டு ஓட்டை, காதில் அடி, மீனும் இல்லை. இந்நிலையில் ஒரு சம்மாட்டி என்ன பேசுவார் என்பதைச் சிறுவர் நூலில் அச்சிடக்கூடிய தமிழில் எழுதித் தருபவர் யாராவது இருந்தால், இந்த ஆய்வின் இரண்டாம் பகுதியை அவரிடமே ஒப்படைக்கலாம்.