ஏழாவது மாடியில் இறைவன்

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் பிறந்தது. அரை நூற்றாண்டு பாடுபட்டு அது முழுசாக மாற்றிக் காட்டியது ஒன்றே ஒன்றுதான்: தன் பெயர். 2021 முதல் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். ஒரே மூச்சில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். மனு எழுதும்போது உதவும். அதன் வீடுகளில் குடியிருப்பவர்கள் மட்டும் இன்னும் 'ஸ்லம் போர்டு' என்றே சொல்கிறார்கள். கோபத்தில் இருப்பவனுக்கு நீளமான பெயர் வாயில் நுழையாது.

ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது வாரியத்தின் முழக்கம். காணலாம், தப்பில்லை. ஆனால் வாரியம் பெரும்பாக்கத்தில் கட்டிய அடுக்குமாடியில் அந்த ஏழை ஏழாவது மாடியில் இருக்கிறார். லிஃப்ட் இருக்கிறது. கதவு இருக்கிறது, பொத்தான் இருக்கிறது. ஓடுவதுதான் இல்லை. ஓடுகிற அன்றைக்குக் கரண்ட் இருக்காது. கீழே தண்ணீர் பிடித்து, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஏழு மாடி ஏறி வருகிறவளுக்கு மூச்சு வாங்கும். சிரிப்பு வராது. இறைவன் காத்திருக்கட்டும்.

இவர்கள் ஏன் அங்கே போனார்கள்? போகவில்லை. ஏற்றி அனுப்பப்பட்டார்கள். கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்தவர்கள். நகரத்துக் கட்டடங்களுக்குக் கல் சுமந்தவர்கள், நம் வீட்டுப் பாத்திரம் துலக்கியவர்கள். 2015-இல் வெள்ளம் வந்தது. உடனே அரசுக்கு அவர்கள் உயிர்மேல் திடீர்ப் பாசம் பிறந்தது. ஆற்றங்கரை ஆபத்து, வாருங்கள் பாதுகாப்பான இடத்துக்கு என்று லாரியில் ஏற்றியது. எங்கே இறக்கியது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். தென்சென்னையில் மழைத்தண்ணீர் எங்கே போய்த் தேங்கும் என்று ஒரு பள்ளிப் பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். அந்த ஊரில் வீடு. வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்தின் வீட்டுக்கே குடிவைத்த கருணை. வாரியத்தின் இன்னொரு குடியிருப்பான செம்மஞ்சேரியில் இருப்பவர்கள் இவர்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள். சுனாமியில் கடல் அடித்ததென்று அங்கே கொண்டுவந்து விட்டார்கள். இப்போது மழைக்காலம் வந்தால் ஏரித் தண்ணீர் வாசல் தேடி வருகிறது.

சரி, ஆற்றில் எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் கொள்கை என்றால் ஒத்துக்கொள்ளலாம். மீனம்பாக்கத்தில் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றுக்கு மேலேயே பாலம் போட்டுப் போகிறது. ஆற்றின் மேல் விமானம் இறங்கலாம். ஆற்றின் ஓரத்தில் ஓலைக் கூரை இறங்கக் கூடாது. நீரோட்டத்தைத் தடுப்பது காங்கிரீட் தூண் அல்ல, குப்பம்மாவின் அடுப்பு. பொறியியல் படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இந்த மனிதர்களுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'ஆக்கிரமிப்பாளர்'. பட்டா இல்லாத நிலத்தில் வீடு கட்டியவர் என்று பொருள். பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆக்கிரமிப்பாளரை அப்புறப்படுத்தி, 'பயனாளி' என்று ஞானஸ்நானம் செய்து, அடுக்குமாடியில் ஒரு வீடு ஒதுக்குகிறார்கள். வீட்டுக்குத் தவணை. இருபது வருஷம் கட்டு, விற்பனைப் பத்திரம் உன் பேருக்கு. சொன்னபடி கட்டி முடித்தவர்கள் ரசீதுக் கட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு நடக்கிறார்கள். உதவிப் பொறியாளர் சைட்டுக்குப் போயிருக்கிறார். அடுத்த வாரம் வா. அடுத்த வாரம் அவர் மீட்டிங்கில் இருக்கிறார். பத்திரம் எங்கே என்று கடைசியில் கேட்டால், பல திட்டப் பகுதிகளில் ஒரே பதில்: அந்த நிலமே இன்னும் வாரியத்தின் பேருக்கு மாறவில்லை. வேறு ஏதோ துறையின் நிலம். கோப்பு நடந்துகொண்டிருக்கிறது.

மறுபடி படியுங்கள். தன் பேரில் இல்லாத நிலத்தில் வாரியம் வீடு கட்டியிருக்கிறது. ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில். இதற்கு என்ன பெயர் என்று மேலேயே சொல்லியிருக்கிறது. குப்பம்மாவைக் கிளப்பப் புல்டோசர் வந்தது. வாரியத்துக்கு எந்த லாரி வரும்?

கட்டிய லட்சணத்தையும் பார்த்துவிடலாம். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க். கோடிகளைக் கொட்டிக் கட்டிய புத்தம்புது அடுக்குமாடி. சுவரை விரலால் சுரண்டினால் பூச்சு பொலபொலவென்று கொட்டியது. ஊரே வீடியோவில் பார்த்தது. சட்டமன்றத்தில் பேசினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். விரல் நகம் கண்டுபிடித்ததை ஐ.ஐ.டி. உறுதி செய்ய வேண்டியிருந்தது, அது வேறு செலவு. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியத்தின் 24 வீடுகள் மண்ணோடு மண்ணாகச் சரிந்தன. முப்பது வயதுகூட ஆகாத கட்டடம். ஒருவரும் சாகவில்லை. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்களே வெளியே ஓடிவந்துவிட்டார்கள். வாரியக் கட்டடங்களில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே எச்சரிக்கைக் கருவி அதில் குடியிருப்பவரின் கண்தான்.

இப்படியெல்லாம் ஆன பிறகு அரசு சும்மா இருக்குமா? ஒரு திட்டம் போட்டது. 'நம் குடியிருப்பு, நம் பொறுப்பு.' பெயரைப் படித்ததும் வாரியம் கடைசியில் பொறுப்பேற்றுவிட்டது என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். அந்த 'நம்'மில் வாரியம் பாதிதான். குடியிருப்பவர்கள் சங்கம் அமைக்க வேண்டும், சந்தா வசூலிக்க வேண்டும், மோட்டாரையும் விளக்கையும் துப்புரவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வசூலான தொகைக்கு ஈடாக அரசும் போடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அடையாறிலும் அண்ணா நகரிலும் அடுக்குமாடிக்காரர்கள் இதைத்தானே செய்கிறார்கள்? செய்கிறார்கள். அவர்கள் வீட்டை அவர்களே பார்த்து, தட்டி, விலை பேசி வாங்கினார்கள். இவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். வேலை இருந்த இடத்திலிருந்து இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி எறிந்தார்கள். நாலு வீட்டு வேலையில் இரண்டு போச்சு. பரீட்சைக்கு முன்னால் இடம் பெயர்ந்த பிள்ளை பள்ளிக்கூடத்தையே விட்டது. இப்போது அந்தப் பிள்ளையின் தாயிடம் போய், லிஃப்ட் உன் பொறுப்பு என்கிறார்கள். பிடுங்கும்போது உன்னுடையது எதுவுமில்லை. பழுதானால் எல்லாமே உன்னுடையது.

(பெண்களுக்குப் பேருந்து இலவசம் ஆனது உண்மையான நன்மை. மறைப்பானேன்? விடிகாலை ஐந்து மணிக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் நின்று பாருங்கள். மயிலாப்பூரின் சமையலறைகள் எல்லாம் அந்தப் பேருந்தில்தான் நின்றுகொண்டு வருகின்றன. குடிசை போக வேண்டும், குடிசைக்காரி மட்டும் ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும் என்று கேட்டவர்களில் நாமும் உண்டு.)

இனி வாரியத்தின் கண்ணகி நகர். 2000-இல் தொடங்கியது. ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், பதினைந்தாயிரத்துச் சொச்சம் வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை இருநூறு சதுர அடிகூட வராது. கண்ணாடிக் கட்டடத்தில் கார் நிறுத்தும் இடமே அதைவிடத் தாராளம். 2020-இல் அங்கே ஓவியர்கள் வந்து சுவர்களில் பிரமாண்டமான படங்கள் வரைந்தார்கள். படங்கள் அழகு. ஓவியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதிகாரிகள் அவற்றின் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட போட்டோக்களைத்தான் சொல்கிறேன். உள்ளே ஒழுகுகிற சுவருக்கு வெளியே வண்ணம். விண்ணப்பத்தில் இந்த முகவரியை எழுதினால் வேலை கிடைக்காது, கடன் கிடைக்காது. ராத்திரி வண்டியை மறிக்கும் போலீஸ்காரர் முதலில் கேட்பது லைசென்ஸ் அல்ல, ஏரியா. 2025-இல் இந்த நகரின் பெண் ஒருவர் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்றார். அந்த ஒரு வாரம் மட்டும் எல்லோருக்கும் கண்ணகி நகருக்கு வழி தெரிந்தது. சால்வைகளும் கார்களும் வந்தன. ஒரு சால்வையாவது பக்கத்துத் தெருக் குழாயை எட்டிப் பார்த்ததா?

பெயர் வைத்தவர் யாரோ, ஒன்று துணிச்சல்காரர் அல்லது கதை தெரியாதவர். வீடிழந்தவர்களைக் கொண்டுபோய் வைத்த இடத்துக்குக் கண்ணகியின் பெயர்! அவள் பிழைக்க வந்த ஊரில் எல்லாம் இழந்தவள். நியாயம் கேட்டு அரண்மனை வாசலுக்குப் போனாள். வாயிற்காவலன் மன்னரிடம் போய்ச் சொன்னான், மன்னர் அன்றைக்கே பார்த்தார். டோக்கன் கேட்கவில்லை. ஆதார் நகல் கேட்கவில்லை. சிலம்பை உடைத்ததும் தப்பு தன்னுடையது என்று அந்த இடத்திலேயே விழுந்து செத்தார். நான் எந்த அதிகாரியையும் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. மனுவுக்கு ஒரு ரசீது போதும்.

அவளையும் சென்னை விட்டுவைக்கவில்லை என்பது தனிக் கதை. 2001 டிசம்பரில், கண்ணகி நகரில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், மெரினாவிலிருந்த கண்ணகி சிலையைப் பெயர்த்தெடுத்தார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார்கள். குடிசைகளுக்குச் சொல்லும் அதே காரணம். 2006-இல் சிலை கடற்கரைக்குத் திரும்பியது. சென்னையில் அப்புறப்படுத்தப்பட்டு மறுபடி பழைய இடத்துக்கே குடிவந்த பெண் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். அதற்கும் ஆட்சி மாற வேண்டியிருந்தது.