சாத்து: கொட்டிவாக்கத்தில் நிற்கும் வண்டி ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வுரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரைத் தாண்டி, பாலவாக்கம் வருவதற்குள் கடல் பக்கம் திரும்பினால் கொட்டிவாக்கம். அதன் உள்தெரு ஒன்றில், வேப்பமரத்தடியில், நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஒரு மெட்டடார் வேன் நிற்கிறது. தார்ப்பாயின் நான்கு முனையிலும் கருங்கல். புதிதாக வருகிறவர்கள் அதை வண்டி என்கிறார்கள். சோறு கொண்டுவரும் பையன்களுக்கு அது ஓர் அடையாளம்: "மெட்டடார் தாண்டி லெஃப்ட்டு." உடையவர் மட்டும் அதைக் கேரவன் என்கிறார். இம்மூன்றில் எது பொருந்தும் என்று காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

உடையவர் என்றது வண்டியை உடையவரை, ஸ்ரீராமானுஜரை அன்று. ஆய்வின் நடுநிலை கருதி அவர் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அவர் வீட்டில்தான் நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்பது இங்கே வேண்டாத செய்தி.

முதலில் சொல். கேரவன் என்பது பாரசீகத்துக் கார்வான். பாலைவனத்தில் கூட்டமாகப் போகும் வணிகர் அணி. ஆங்கிலேயர் அதை வாங்கி, 19-ஆம் நூற்றாண்டில் அதன் தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். அந்த வால்தான் வேன். ஆகவே படப்பிடிப்புத் தளங்களில் காதில் விழும் 'கேரவன் வேன்' என்பது 'நடு சென்டர்' போன்ற வழக்கு. தமிழில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே உண்டு: சாத்து. வணிகக் கூட்டம் என்று பொருள். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெரிய சாத்துக்குத் தலைவன் என்பதாலேயே அப்பெயர் பெற்றான். கவனிக்கத் தக்கது வேறொன்று. அப்படிப்பட்ட கேரவன் குடும்பத்து வாரிசு, புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தே போனான். கேரவன் உடையவர்கள் கேரவனில் போவதில்லை என்பதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்று இதுவே.

சாத்து என்பதற்கு இன்னும் இரண்டு பொருள் உண்டு. ஆளைப் பிடித்துச் சாத்துவது ஒன்று. கதவைச் சாத்துவது மற்றொன்று. இவை மூன்றும் ஒரே வண்டியில் சந்திக்கும் இடம் கொட்டிவாக்கம். அதைப் பின்னர்க் காட்டுவேன்.

இனி, முன்னோர் வண்டி. வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று உடையவரின் மைத்துனர் ஒரு கல்யாணப் பந்தியில் கூறினார். மறுக்கிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உமணர் வண்டி வருகிறது. உமணர் உப்பு விற்போர். அந்த வண்டிக்குப் புல் வேய்ந்த கூரை உண்டு. வாசலில் கோழி அடையும் கூடு. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடிப் பானை கயிற்றில் கட்டிக் கிடக்கிறது. கையில் குழந்தையோடு ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். சமையலறை, தொட்டில், ஊறுகாய், காலை நேர முட்டை எல்லாம் ஒரே வண்டியில். இன்றைய கேரவன் விளம்பரத்தில் இருப்பது இவ்வளவும் ஒரு ஏ.சி.யும். பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். கொட்டிவாக்கமும் தொண்டை மண்டலத்தில்தான் இருக்கிறது. ஆகவே அந்த வண்டி நம் தெரு வழியாகப் போகவில்லை என்று யாரும் நிறுவ முடியாது. ஆராய்ச்சியில் இதற்குமேல் ஆதாரம் கேட்பது நாகரிகமன்று.

புறநானூற்றின் 102-ஆம் பாட்டு இன்னும் நெருங்கி வருகிறது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை, பாரமோ மிகுதி, வழியில் மேடு எங்கே பள்ளம் எங்கே என்று யாருக்குத் தெரியும்? அதனால் உமணர் வண்டியின் கீழே இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். சேம அச்சு. நீ அப்படிப்பட்டவன் என்று மன்னனைப் புகழ்கிறார். தமிழ்ப் புலவர் ஒருவர் அரசனை ஸ்பேர் பார்ட் என்று அழைத்ததும் அதை அவன் மகிழ்ந்து ஏற்றதும் நம் பெருமைகள். இதைப் படித்த அன்றே உடையவர் புதுப்பேட்டைக்குக் கிளம்பினார்.

இங்கே ஒரு கடா எழும். உமணர் வண்டி ஓடிற்று, உடையவர் வண்டி நிற்கிறது. இரண்டும் எவ்வாறு ஒன்றாகும் எனின், விடை: நடுவில் இருப்பது அதே உப்பு. அன்று மரவண்டி உப்பைச் சுமந்தது. இன்று கொட்டிவாக்கத்தில் உப்பு, இரும்பு வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பகல் ஏறியதும் கடற்காற்று எழுகிறது. கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகளைத் தெருத் தெருவாகக் கொண்டு வந்து சேர்க்கிறது. இரும்புக்கும் ஈரத்துக்கும் காற்றுக்கும் ஏற்கெனவே பகை. உப்பு அதற்குத் தூபம் போடுகிறது. இந்த ஊரில் கேட்டுக் கீல் முனகும், சைக்கிள் செயின் செம்மண் நிறமாகும், ஏ.சி.யின் வெளிப்பெட்டி அப்பளம்போல் உதிரும். பித்தளைத் தாழ்ப்பாள் வைத்த வீட்டுக்காரர் முன்யோசனைக்காரர் என்று மதிக்கப்படுவார். கடலிலிருந்து இரண்டாவது தெருவா நான்காவது தெருவா என்பதைக் கதவு எண்ணைக் கேட்காமல் ஜன்னல் கம்பியைத் தொட்டே சொல்லிவிடலாம்.

தொல்காப்பியர் வழியில் நின்றால் இது நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். பொழுது எற்பாடு, சூரியன் மறையும் நேரம் என்பதே பெரும்பாலோர் கொள்கை. உடையவர் அலுவலகத்திலிருந்து வந்து, சூரியன் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும் வேளையில், தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். இலக்கணம் ஓர் எழுத்தும் பிசகவில்லை.

வண்டி 2016 ஆடி மாதம் வந்தது. ஆடியில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள் என்பதால் விலை குறைந்தது. தாம்பரத்திலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அந்த டிசம்பர் 12 அன்று வர்தா புயல் முதல் தார்ப்பாயைக் கொண்டுபோய் அடுத்த தெருத் தென்னையில் மாட்டியது. வண்டி அசையவில்லை. அசைந்திருக்கக் கூடிய ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று இல்லத்தரசி இன்றும் சொல்கிறார்.

பிறகு டிங்கர் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கதவின் அடிப்பாகத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"ஃப்ளோர் ஃபுல்லா பூட்ச்சு சார். மேல தகடு நிக்குதே, அது பெயிண்டுல நிக்குது."

"எவ்வளவு நாள் ஆகும்ண்ணே?"

"ரெண்டு நாள் வேலை சார்."

இந்த 'ரெண்டு நாள்' தனி ஆய்வுக்கு உரியது. இது கால அளவு அன்று, விருப்பக் குறிப்பு. பெயிண்டர், வெல்டர், சீட் தைப்பவர், லேத்துக்காரர், வயரிங் பார்ப்பவர் என எல்லாரும் தத்தம் வேலைக்குச் சொன்னது இந்த ஒரே அளவு. பஞ்சாங்கத்தில் இல்லாத இந்த இரண்டு நாள், நாளைக்கும் ஆயுத பூஜைக்கும் இடையே எங்கேயோ இருக்கிறது.

டிங்கர் தொழில் சாத்துதலின் இரண்டாம் பொருளைச் சேர்ந்தது. மரச்சுத்தியால் ஒரு பக்கம், இரும்புத் துண்டு அணை கொடுத்து மறுபக்கம், தகடு தன் பழைய வடிவத்தை ஒப்புக்கொள்ளும்வரை சாத்துவார்கள். கொட்டிவாக்கம் என்ற பெயர் தட்டிக் கொட்டுவதால் வந்தது என்று தெருக் குழந்தைகள் நம்பத் தொடங்கியது இக்காலத்தில்தான். பணத்தைக் கொட்டுவதால் வந்தது என்பது இல்லத்தரசியின் பாடபேதம்.

சாத்தி முடித்தபின் பட்டி. பள்ளத்தில் பட்டி அப்பி, உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசினால் வண்டி மாப்பிள்ளைபோல ஆகிவிடும். (தேய்க்கிற தாளுக்கும் தமிழன் உப்பு என்றே பெயர் வைத்தான், விதி.) ஆனால் துருவுக்கு ஒரு குணம் உண்டு. தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே பட்டி போட்டால், அது உள்ளே உட்கார்ந்து பெருத்து, பட்டியைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். ஐப்பசி மழையில் ஒரு கொப்புளம் எழும். மார்கழியில் பெயர்ந்து விழும். தையில் டிங்கர் பொங்கல் காசு வாங்க வருவார். மூன்று தை இப்படிக் கழிந்த பின்னரே, அழுகிய தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பதுதான் வழி என்று உடையவருக்குத் தெளிந்தது. டிங்கர் இதை முதல் நாளே சொன்னாராம். சொன்னார்தான். செலவு கூடும் என்றும் சேர்த்துச் சொன்னதால் காதில் விழவில்லை.

புதுப்பேட்டையைப் பற்றி எழுதத் தனி நூல் வேண்டும். கூவம் கரையோரம், வண்டிகள் மறுபிறவி எடுக்கும் இடம் அது. ஒரு சந்து முழுக்கக் கதவுகள், அடுத்ததில் விளக்குகள், அதற்கடுத்ததில் ஸ்டீயரிங். புதிய உதிரி வேண்டுமானால் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. அங்கே மெட்டடார் என்றால் கடைப் பையன் முதலாளியைக் கூப்பிடுவான். முதலாளி தன் அப்பாவைக் கூப்பிடுவார். வண்டியைச் செய்த புனேயின் பஜாஜ் டெம்போ நிறுவனம் 2005-ல் தன் பெயரையே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டுவிட்டது. 'டெம்போ' என்பது ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கத்து ஒரு வண்டிக் கம்பெனியின் பெயர். அது போய்ச் சேர்ந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகும் நம் ஊரில் சாமான் ஏற்றும் எதையும் டெம்போ என்கிறோம். அதே 2005-ல் டாடா ஏஸ் வந்தது. தமிழர் அதற்குக் குட்டியானை என்று பெயரிட்டு யானையைப் பார்க்கிங்குக்குக் கொண்டு வந்தனர். மெட்டடாருக்கு அப்படிச் செல்லப்பெயர் வாய்க்கவில்லை. அது உடையவருக்கு ஒரு குறை.

சேம அச்சு புதுப்பேட்டையில் கிடைத்தது. மெட்டடாருடையதா என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் சார், லேத்துல குடுத்து ரெண்டு நூல் எறக்கிக்க" என்றார் கடைக்காரர். கோணியில் சுற்றி, கிரீஸ் தடவி, வண்டிக்கடியில் கட்டியாயிற்று. உமணரும் இதற்குமேல் செய்திருக்க மாட்டார்கள்.

பழைய வண்டியைப் புதுக்கி ஓட்டியவர் எவருமே இல்லையோ எனின், உளர். தி.நகர் பசுல்லா சாலையில் பல்லாண்டு குடியிருந்த என்.டி.ராமாராவ் 1982-ல் ஒரு பழைய செவர்லே வேனைச் சீரமைத்தார். மேலே நின்று பேச மேடை; உள்ளே தங்க இடம். 'சைதன்ய ரதம்' என்று பெயர். மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, ஆந்திரம் முழுக்கச் சுற்றி, 1983 ஜனவரியில் முதலமைச்சரானார். பிறகு பல கட்சியினர் வண்டியின் மேல் ஏறினர். உடையவர் இதை இல்லத்தரசியிடம் முன்னுதாரணமாக எடுத்துரைத்தபோது கிடைத்த பதில்: "அவர் ஊர் ஊரா சுத்தினாருங்க. நீங்க வண்டியச் சுத்தி வர்றீங்க." இம்மறுப்பு வலியது என்பதால் இதற்குமேல் இந்தச் சான்றை நான் நீட்டவில்லை.

சட்டமும் பார்க்கத் தக்கது. வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைப்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் வரும் மாற்றம், ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஓடலாம் என்ற சான்றைப் பெற ஓடிப்போய் நிற்க வேண்டும் என்பதால் உடையவர் இங்கே தேங்கிவிட்டார். ஆனால் வண்டிகளை வகைப்படுத்தும் மத்திய அரசின் பட்டியல், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனைப் 'போக்குவரத்து அல்லாத வாகனம்' என்ற வகையில் சேர்த்திருக்கிறது. போக்கும் இல்லை, வரத்தும் இல்லை. தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு அரசாங்கமே விடை தந்துவிட்டது.

சாத்துதலின் மூன்றாம் பொருள் எஞ்சி நிற்கிறது: கதவு. பக்கவாட்டுக் கதவு இத்தனை ஆண்டும் சாத்திக்கொள்ளவில்லை. அந்த இடைவெளி வழியே சென்ற பங்குனியில் ஒரு பூனை நுழைந்து மூன்று குட்டி போட்டது. குட்டிகள் கண் திறந்து நடமாடும்வரை வெல்டிங் கூடாது என்று தெருவே தீர்ப்பளித்தது. ஆக, உமணர் வண்டிக்குக் கோழி, இவ்வண்டிக்குப் பூனை. ஆறு வாரம் அது முழு அர்த்தத்தில் வீடாக இருந்தது. பூனை தன் குடும்பத்தோடு பின்வீட்டு மாடிக்குக் குடிபெயர்ந்ததும் டிங்கர் புதுக் கீல் வைத்தார். கதவு சாத்திக்கொண்டது. இப்போது திறக்க வரவில்லை.

கடைசியாக அளவை. வண்டியின் மீட்டர் தாம்பரத்தில் காட்டிய எண்ணையே இன்றும் காட்டுகிறது. உதிரிக்காக உடையவர் தன் ஸ்கூட்டரில் புதுப்பேட்டைப் பக்கம் போய்வந்தது, டைரிப்படி, 43 முறை. போக வர 28 கிலோமீட்டர். மொத்தம் 1,204. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பி வருகையில் உளுந்தூர்ப்பேட்டையில் டீ குடிக்கும் தூரம். கேரவன் வாங்கியதே கன்னியாகுமரி போகத்தான்.

இதை டிங்கரிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் டைரியைப் பார்க்கவில்லை. குனிந்து ஸ்கூட்டரின் கால்வைக்கும் பலகையை விரலால் தட்டினார். பெயிண்ட் பொட்டென்று உதிர்ந்தது.

"இதையும் பாத்துரலாம் சார். ரெண்டு நாள் வேலை."