இனிக்கும் இளமை முதல் விருத்தகிரி வரை

கேள்வி: ஒரே நடிகரின் எல்லாப் படங்களையும் பார்த்து முடிக்க ஆசை. யாரை எடுக்கலாம்? (கல்லூரி மாணவர், கள்ளக்குறிச்சி)

பதில்: ‘கேப்டன்’ விஜயகாந்த். 2011-ல் உங்கள் மாவட்டத்து ரிஷிவந்தியம் தொகுதியில் வென்று, எதிர்க்கட்சித் தலைவராகச் சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர். ஆச்சி மனோரமாவை எடுத்தால் ஆயிரம் படம் தாண்டும். படிப்பு முடிந்து வேலைக்குப் போய் ஓய்வும் பெற்றுவிடுவீர்கள். கேப்டனுக்கு 150-க்கும் கொஞ்சம் மேல். வாரத்துக்கு ஒன்று என்றால் மூன்று வருடத்தில் முடியும். பட்டப்படிப்பும் படமும் சேர்ந்தே முடியும்.

கேள்வி: வேலையற்றவன் செய்கிற வேலை என்கிறார் அப்பா. (அதே மாணவர்)

பதில்: ஒரு எழுத்தாளரின் எல்லா நூல்களையும் படித்தவரை அறிஞர் என்கிறோம். நடிகருக்கு மட்டும் ஏன் வேறு தராசு? அப்பாவையும் ‘வைதேகி காத்திருந்தாள்’ பார்க்கக் கூட்டிக்கொள்ளுங்கள். கவுண்டமணி, செந்தில் கையில் பெட்ரோமாக்ஸ் வந்ததும் வாதம் முடிந்துவிடும்.

கேள்வி: எந்த வரிசையில் பார்ப்பது? நல்ல படங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டால் போதாதா? (ஆசிரியை, தியாகதுருகம்)

பதில்: போதாது. வெளியான வரிசையிலேயே பாருங்கள். 1979-ல் ‘இனிக்கும் இளமை’. அடுத்த வருடம் கே.விஜயன் இயக்கிய ‘தூரத்து இடி முழக்கம்’. 1981-ல் எஸ்.ஏ.சந்திரசேகரின் ‘சட்டம் ஒரு இருட்டறை’. அங்கேதான் கோபக்கார நாயகன் பிறக்கிறான். அதே ஆண்டு ‘சிவப்பு மல்லி’யில் உழைப்பவர் பக்கம் நிற்கிறார். பிறகு 1984 வரும். அந்த ஒரே ஆண்டில் 18 படங்கள். பொறுக்கிப் பார்ப்பவருக்கு ‘நூறாவது நாளு’ம் ‘வைதேகி காத்திருந்தாளு’ம் மட்டும் கிடைக்கும். முழுசாகப் பார்ப்பவருக்குத்தான் அந்த மனிதரின் உழைப்பு தெரியும். ஒரு படத்தில் மணிவண்ணனின் மர்மக் கதைக்குள் நிற்பவர், இன்னொன்றில் அழுக்கு வேட்டியும் தாடியுமாக வெள்ளைச்சாமியாக வாழ்கிறார். சரியாக வராத படத்திலும் சண்டைக்காட்சியைப் பாருங்கள்: சுவரில் காலை ஊன்றிச் சுழன்று உதைக்கும் அந்த உதை, ஒவ்வொரு படமாக எப்படித் தேறி வருகிறது என்று. தேர்வு செய்த பத்துப் படத்தில் இது பிடிபடாது. தோற்ற படங்கள்தான் வென்ற படங்களுக்குப் பயிற்சிக்களம்.

1986-ல் ‘ஊமை விழிகள்’. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்த படம், இயக்கம் ஆர்.அரவிந்தராஜ், பின்னால் நின்றவர் ஆபாவாணன். புதியவர்களை நம்பி, கதை நன்றாக நகர்ந்த பிறகே நுழையும் ஒரு பாத்திரத்தை முன்னணி நாயகன் ஒப்புக்கொண்டார். 1988-ல் ‘செந்தூரப் பூவே’. காதல் ராம்கிக்கும் நிரோஷாவுக்கும். விஜயகாந்துக்கோ நோயும் தனிமையும் தின்னும் முன்னாள் ராணுவ வீரன் வேடம். அப்போது அவர் வயது முப்பத்தாறுதான். அந்தத் துணிச்சலுக்காகவே அவரை நான் பெரிய நடிகர் என்பேன். அதிரடி நாயகன் என்று முத்திரை குத்தி ஒதுக்கியவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: பெண்கள் பார்க்க அவர் படங்களில் என்ன இருக்கிறது? (வாசகி, சின்னசேலம்)

பதில்: குறையை முதலில் சொல்கிறேன். போலீஸ் படங்கள் பலவற்றில் நாயகி பாட்டு முடிந்ததும் காணாமல் போகிறார். ஆனால் 1992-ன் ‘சின்ன கவுண்ட’ரில் சுகன்யாவின் தெய்வானையைப் பாருங்கள். கடனை அடைக்க மொய் விருந்து வைக்கிறாள், யாரிடமும் கைநீட்டவில்லை. ஆர்.வி.உதயகுமார் அந்தக் காட்சியை எழுதிய பிறகு, மொய் விருந்தே தெரியாத ஊர்க்காரர்களுக்கும் அது தெரிந்தது.

கேள்வி: ‘கேப்டன் பிரபாகரன்’ காடு எங்கள் கல்வராயன் மலை மாதிரியே இருக்கிறதே? (வாசகர், வெள்ளிமலை)

பதில்: அது கேரளத்து அதிரப்பள்ளி, சாலக்குடிப் பக்கத்துக் காடு. 1991-ல் வந்த அவருடைய நூறாவது படம்; வீரப்பனை நினைவூட்டும் வீரபத்ரனாக மன்சூர் அலிகான். ஆர்.கே.செல்வமணி செய்த நல்ல காரியம், காட்டுக்குள் ஒளிந்திருப்பவனோடு நிறுத்தாமல், ஊருக்குள் உட்கார்ந்து அவனுக்கு உதவும் அதிகாரிகளையும் அரசியல்வாதியையும் கூண்டில் ஏற்றியது. 2025 ஆகஸ்டில் புதுப்பித்து மறுபடியும் திரையிட்டார்கள்.

ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல். நம் சினிமாவில் மலைவாசி என்றால் ஆட்டத்துக்கு ஒரு கூட்டம், நாயகனுக்கு வழி காட்ட ஒரு ஆள். உங்கள் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்தவர்கள். நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 1976-ல்தான் மலை அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. இது ஒன்றே ஒரு முழுப் படத்துக்கான கதை. வெள்ளிமலையிலிருந்தே ஒரு இளைஞர் எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் வருவேன்.

கேள்வி: தலைவரை மறந்து நடிகரை மட்டும் பார்க்க முடியுமா? (வாசகர், ரிஷிவந்தியம்)

பதில்: வரிசையாகப் பார்த்தால் முடியாது, முடியவும் தேவையில்லை. அவருடைய கட்சியான தே.மு.தி.க. 2005 செப்டம்பரில் மதுரையில் பிறந்தது. ஆனால் வசனங்களில் அது முன்பே பிறந்துவிட்டது. 2000-ன் ‘வல்லரசு’, 2002-ல் முருகதாஸ் இயக்கிய ‘ரமணா’ இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். லஞ்சத்துக்கு எதிராக ‘ரமணா’வில் பேசியதன் பலத்தில்தான் மேடைப் பேச்சு நின்றது. 2010-ன் ‘விருத்தகிரி’யை அவரே இயக்கினார், தலைப்பே அவர் 2006-ல் வென்ற விருத்தாசலத்தை நினைவுபடுத்தும். 2016-ல் இதே மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில் தோற்றார். சட்டமன்ற உறுப்பினராக அவருக்கு என்ன மதிப்பெண் என்பதை உங்கள் ஊர் மக்கள் போடட்டும். நடிகராக என் மதிப்பெண் உயர்ந்தது.

கேள்வி: பழைய படங்கள் கிடைப்பதே இல்லையே? (வாசகர், சங்கராபுரம்)

பதில்: எண்பதுகளின் தொடக்கத்துப் படங்கள் பல தேய்ந்த பிரதியிலோ, பாதி வெட்டிய தொலைக்காட்சிப் பதிப்பிலோதான் கைக்கு வருகின்றன. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964-லேயே தொடங்கப்பட்டது. அப்படி இருந்தும் தமிழின் முதல் பேசும் படம் என்று சொல்லப்படும் 1931-ன் ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைக்காது. நாற்பது வருடப் படத்துக்கும் அந்தக் கதி வர விடக்கூடாது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம், தியேட்டர் நோட்டீஸ், வீடியோ கேசட் எது இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். தேதியும் தியேட்டர் பெயரும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். ஊர் நூலகத்திடமோ திரைப்படம் படிக்கும் மாணவரிடமோ ஒப்படையுங்கள்.