ஒரு வாய்தானே!

சாப்பாட்டு நேரத்தில் நாய் யார் காலடியில் போய் உட்காருகிறது என்று பாருங்கள். அவர்தான் ஆள். வேளாவேளைக்குக் கிண்ணத்தில் அளந்து வைக்கிறவரை நாய் ஏதோ ரேஷன் கடைக்காரரைப் போல மதிக்கும். மேசைக்கு அடியில் கை நீட்டுகிறவரைத்தான் கும்பிடும். இந்த இனத்தாருக்கு நான் 'ஒருவாயர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். நாய்க்கு விருந்து வைத்ததாக இவர்கள் மீது யாரும் பழி சொல்ல முடியாது. கொடுப்பதெல்லாம் ஒரே ஒரு வாய்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த ஒரே ஒரு வாய் என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டு ஒருவாயர் என் மாமனார். தணிக்கை அலுவலகத்தில் 33 வருடம் குப்பை கொட்டியவர். மூன்று ரூபாய் வவுச்சரில் கையெழுத்து இல்லை என்று பெரிய பெரிய அதிகாரிகளுக்கே தண்ணி காட்டியவர். மணி எங்கள் பொமரேனியன். எடை 5 கிலோ. அதிலும் கணிசமான பங்கு முடி.

போன தீபாவளிக்கு மறுநாள். மாமா கந்த சஷ்டி விரதம் தொடங்கியிருந்தார்; பூஜை அறையில் கவசம் ஓடிக்கொண்டிருந்தது. மணி முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் வைத்து, பின்புறத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாரும்மா, வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற பக்தி உன் புருஷனுக்கு இருக்கா?" என்றார். நானும் கையிலிருந்த போனில் படம் எடுத்தேன். பக்தி முற்றி மணி மஞ்சளாக வாந்தி எடுத்தபோதுதான் சந்தேகம் வந்தது.

கால்நடை டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்து, "இது கும்பிடு இல்லைங்க, வயித்து வலி" என்றார். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். கணைய அழற்சி. கணையம் சுரக்கும் நொதிகள் குடலுக்குப் போன பிறகுதான் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டுமாம். இந்த நோயில் அவை கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு, இருக்கிற இடத்தையே செரிக்க ஆரம்பித்துவிடுகின்றன. பந்தி தொடங்குமுன் சமையல்காரரையே சமைத்துப் போட்ட கதை. கொழுப்பு மிகுந்த தீனி இதைக் கிளப்பிவிடும் என்று சொல்லிவிட்டு, "தீபாவளிக்கு என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார்.

மாமா சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை ஊன்றிப் படித்தார்.

"ஒரே ஒரு வாய் மைசூர்பாகு" என்றார் கடைசியில். நான் வீட்டுக்கு வந்து டப்பாவை எண்ணினேன். பதினோரு வாய் குறைந்தது.

மூன்று நாள் டிரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, வலிக்கு ஊசி. பில்லைப் பார்த்து மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டல் சரியா என்று மட்டும் பார்த்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் விவரமாகச் சொன்னார். ஆயுசுக்கும் கொழுப்புக் குறைந்த உணவு. இதற்கென்றே விற்கும் தீனியை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். வீட்டில்தான் செய்வேன் என்றால் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்து, குழைந்த சோற்றோடு பிசைந்து சில நாள் கொடுக்கலாம். அதையே வருடக்கணக்கில் கொடுத்தால் சத்துக் குறைபாடு வரும், கேட்டுக்கொண்டு செய்யுங்கள் என்றார். ஆசைக்கு வெள்ளரி, வேகவைத்த கேரட். முன்பெல்லாம் இந்த நோய்க்கு நாள்கணக்கில் பட்டினி போடுவார்கள், இப்போது வாந்தி அடங்கியதுமே கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொல்கிறோம் என்றும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து நான் எதைத் தடுத்தாலும், "டாக்டரே பட்டினி போடாதேன்னுதானே சொன்னார்?" என்கிறார் மாமா.

ஒருவாயரிடம் எப்போதும் மூன்று வாதங்கள் கைவசம் இருக்கும். முதலாவது, கிராமம். "எங்க ஊர்ல நாய்ங்கல்லாம் பழைய சோறு தின்னுட்டு பதினஞ்சு வருஷம் ஓடிச்சு." பழைய சோற்றில் கொழுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே கிடையாது, அந்த நாய்கள் தெரியாமலே டாக்டர் சொன்ன பத்தியத்தில் இருந்திருக்கின்றன என்றேன். பதில் இல்லை. இரண்டாவது, "பாவம்." இதற்கு மறுப்பே கிடையாது. மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம்: பார்த்துக்கொண்டே இருக்கிற ஜீவனுக்குக் கொடுக்காமல் சாப்பிட்டால் நமக்கு வயிற்று வலி வரும். வழிவழியாக வந்த நம்பிக்கை, மறுக்கவில்லை. கொடுத்தால் அந்த வலி எங்கே போகும் என்பதைத்தான் முன்னோர்கள் சொல்லிவிட்டுப் போகவில்லை.

கணக்கர் மனசைக் கணக்கால்தான் வளைக்க வேண்டும் என்று ஒருநாள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். மணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 350 கலோரி. பத்தியக் கணக்கு 1000 கலோரிக்கு 20 கிராம் கொழுப்பு. அப்படியானால் மணிக்கு நாளொன்றுக்கு 7 கிராம். ஒரு டீஸ்பூன் நெய்யிலேயே ஏறக்குறைய 5 கிராம் போய்விடும். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை சரிபார்த்தார்.

"ஏழுல அஞ்சு போனா ரெண்டு மீதி இருக்கேம்மா?"

"மாமா, அவன் தீனியிலயும் கொழுப்பு இருக்கு!"

"அது தனி ஹெட். இந்த ரெண்டு கிராமைச் செலவு பண்ணாம விட்டா லாப்ஸ் ஆயிடும்."

பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பேரேடு தொங்கவிட்டேன். யார், எப்போது, எதைக் கொடுத்தாலும் எழுத வேண்டும். மாமா அதை மனப்பூர்வமாக வரவேற்று, ஸ்கேல் வைத்துக் கட்டமும் போட்டுக் கொடுத்தார். முதல் வாரத்திலேயே அடுக்ககத்தின் வண்டவாளம் வெளியே வந்தது. வாட்ச்மேன் தினமும் இரண்டு பிஸ்கட். இஸ்திரி போடுகிறவர் வடையில் பாதி. மூன்றாம் மாடிப் பாட்டி தயிர் ஏடு. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் கொடுப்பதாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். மாமா எல்லோருக்கும் விளக்கம் கேட்டார். நேரில் போய், எழுத்துப்பூர்வமாக. வாட்ச்மேன் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார். மாமாவின் பத்தியில் மட்டும் நாள் தவறாமல், நீல மையில், 'இல்லை'.

ஞாயிற்றுக்கிழமை நல்லி எலும்பை அவர் உறிஞ்சுகிற அழகைப் பார்த்தே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உறிஞ்சுகிற சத்தம் மேலேயிருந்தும் வந்தது, கீழேயிருந்தும் வந்தது. நல்லிக்குள் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. குனிந்து பார்த்தேன். "தவறி விழுந்துடுச்சும்மா" என்றார். விழுந்த எலும்பை இரண்டு விரலால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் மணியைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறோம். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குத் திடீரென்று பித்ருக்கள் மேல் அக்கறை கூடியது. அமாவாசைக்கு மட்டும் காக்கைக்குச் சோறு வைத்தவர், தினமும் வைக்கத் தொடங்கினார். பருப்பு, நெய், ஓரமாக ஒரு அப்பளம். பெரியவர் காரியம், நாம் என்ன சொல்ல முடியும்? "கா, கா" என்று அவர் கூப்பிடும் குரல் தினமும் கேட்டது. காகம் கத்தும் சத்தமும் கேட்டது; சாப்பிட்ட காகம் ஏன் இவ்வளவு நேரம் கத்துகிறது என்று மட்டும் தோன்றும்.

போன வாரம் துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனேன். வழக்கமாகக் கைப்பிடிச் சுவர் மேல் இருக்கும் வாழையிலைத் துண்டு தரையில் இருந்தது.

"முட்டி வலிம்மா, கையைத் தூக்க முடியலை" என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல். முட்டி வலிக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள், மணி இலையை நக்கிச் சுத்தமாக்கிவிட்டு மூக்கில் ஒரு பருக்கையோடு என்னைக் கடந்து உள்ளே போனது.

சுவர் மேல் உட்கார்ந்திருந்த காகம் இலையைப் பார்த்தது, மாமாவைப் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பி, கழுத்தை நீட்டி நீட்டிக் கத்த ஆரம்பித்தது. பேரேட்டை எடுத்து வந்து, அதன் புகாரைப் பதிந்துகொண்டேன்.