கொட்டை எழுத்து அண்ணாச்சி

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் சொக்கலிங்கம் அண்ணாச்சியைக் கண்டால் காய்கறிக்காரர்களுக்குக் கிலி. கால் கிலோ வெண்டைக்காய் வாங்கப் பத்துக் காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார். தேங்காயைச் சுண்டுவார், காதருகே வைத்து ஆட்டுவார், "இளசா இருக்கே" என்று வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார். பத்திரப் பதிவு ஆபீசில் காலமெல்லாம் வில்லங்கம் பார்த்த கண். தராசு முள்ளைக்கூட நம்பாது. அப்பேர்ப்பட்டவர் அறுபதாயிரம் ரூபாய் செல்போனை ஒடிக்காமல், சுண்டாமல், ஆட்டாமல் வாங்கிவந்து நிற்பார். ஏன் அண்ணாச்சி என்றால், "விளம்பரத்தப் பாத்தீரா தம்பி? பேரன் போன் பண்ணினதும் அந்தப் பாட்டி ஒரு சிரிப்புச் சிரிச்சா பாரும்..." என்பார். மேலே பேச்சு வராது. துண்டு கண்ணுக்குப் போய்விடும்.

தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. சோப்பு விளம்பரத்தையும் பற்பசை விளம்பரத்தையும் பச்சைப் பொய் என்பார்கள். சார்ஜ் ஏறுகிற ஏதாவது ஒரு சாமானைக் காட்டி, பின்னால் வயலினை இழைத்துவிட்டால் போதும், ஆள் காலி. விளம்பரத்தின் கொட்டை எழுத்து முழுவதும் அண்ணாச்சிக்குச் சொந்தம். அடியில் நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று ஓடுமே, அது அவர் மனைவி, நம் மதினியின் பங்கு. அந்த வீட்டுப் பாகப்பிரிவினை அப்படி.

இந்த உருக்கம் 2003இல் ஆரம்பித்தது. ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகிற இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே ஓடும். எங்கே போனாலும் எங்கள் நெட்வொர்க் கூடவே வரும் என்பது சேதி. டவர் எத்தனை, நிமிஷத்துக்கு எத்தனை பைசா என்ற பேச்சே கிடையாது. நாடே சொக்கிப்போனது, பக் நாய்க்குட்டிகளுக்குக் கிராக்கி ஏறியது. அண்ணாச்சியும் மயங்கிப்போய் வாங்கினார். சிம் கார்டை அல்ல, நாயை. சப்பை மூக்கு நாய்க்குத் திருநெல்வேலி வெயிலில் மூச்சு வாங்கியது. "பின்னாலயே வரும்னு சொன்னிய. இது நடுவீட்ட விட்டு அசைய மாட்டேங்கு" என்றாள் மதினி. கடைசிவரை அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தது அண்ணாச்சிதான்.

2009 ஐபிஎல் சமயத்தில் ஜூஜூக்கள் வந்தன. அதற்குள் ஹட்ச், வோடஃபோன் ஆகியிருந்தது. முட்டைத் தலையும் குச்சிக் கைகளுமாக வந்த அந்த வெள்ளை உருவங்களைப் பலரும் கார்ட்டூன் என்றே நினைத்தார்கள். உண்மையில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், ஆட்களுக்கு உடுப்பு மாட்டி எடுத்த படங்கள் அவை. அண்ணாச்சிக்கு ஒவ்வொரு ஜூஜூ கதையும் மனப்பாடம். கையைக் காலை ஆட்டி நடித்தும் காட்டுவார். அது எந்தச் சேவைக்கான விளம்பரம் என்று கேட்டால் மட்டும் விட்டத்தைப் பார்ப்பார்.

2013இல் கூகுள் விளம்பரம் ஒன்று அவரை அடியோடு சாய்த்தது. தேசப் பிரிவினையில் பிரிந்த இரண்டு சிநேகிதர்களின் கதை, மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓடும். டெல்லித் தாத்தா பழைய நினைவுகளைச் சொல்ல, பேத்தி கூகுளில் துழாவி லாகூர் தாத்தாவைக் கண்டுபிடித்து, பிறந்தநாளன்று வாசலில் கொண்டுவந்து நிறுத்துவாள். அண்ணாச்சி துண்டைப் பிழியும் அளவுக்கு அழுதார். அழுத கையோடு, எட்டாம் வகுப்புச் சிநேகிதர் ஒருவரைத் தேடக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"யாரு, அந்த ரைஸ்மில்காரரா? அவரு இந்தா மேலப்பாளையத்துலதான இருக்காரு. டவுன் பஸ்ல ஏறினா போச்சு. நூறு ரூவா கைமாத்தத் திருப்பித் தரலன்னு நீங்கதான பேச்ச நிறுத்தினிய?" என்றது பொடி எழுத்து.

அண்ணாச்சி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

விளம்பரத்தில் நயமாகப் பேசுவதே குற்றமா என்றால், இல்லை. 2001இல் ஆப்பிள் தன் முதல் ஐபாடை, ஐந்து ஜிபி என்று சொல்லிக் குழப்பாமல், 'பாக்கெட்டில் ஆயிரம் பாட்டு' என்று விற்றது. அழகான பேச்சு, உள்ளே கணக்கும் இருந்தது. சந்தேகம் இருந்தால் எண்ணிக்கொள்ளலாம். 2010இல் ஐபேடு வந்தபோது அதே கம்பெனி அதை 'மாயாஜாலம்' என்றது. மாயாஜாலத்தை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? பொருளைப் பற்றிச் சொன்னால் அண்ணாச்சி உஷாராகிவிடுவார். பாசத்தையும் கனவையும் சொன்னால் ஒடித்துப் பார்க்க நுனி இல்லை. சந்தையில் ஏமாறாதவர் சோபாவில் ஏமாறுவது இதனால்தான்.

ஐபோன் 13 வாங்கிய அன்று தெருவுக்கே அழைப்பு. "இது கறுப்பு இல்ல தம்பி, நள்ளிரவு" என்றார். கம்பெனி வைத்த பெயர் அதுதான். மதினி போனை வாங்கி, ட்யூப்லைட்டுக்கு அடியில் இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"கறுப்பு."

"இன்னொரு கலரும் இருந்துச்சு. நட்சத்திர ஒளின்னு பேரு."

கம்பெனி புத்தகத்தில் படத்தைப் பார்த்தாள். "வெள்ள வேட்டிய ரெண்டு நாள் தோய்க்காமக் கெட்டுனா இந்தக் கலர்தான் வரும்."

பிறகு வேறொரு கம்பெனிப் போன். விளம்பரத்தில் ஒரு பெண் அதோடு நீச்சல்குளத்தில் குதித்தாள். ஐபி68 என்று ஓரத்தில் போட்டிருந்தது. அண்ணாச்சி குறுக்குத்துறைப் படித்துறையில், போனும் கையுமாகத் தாமிரபரணியில் முங்கினார். அவர் எழுந்துவிட்டார்; போன் எழுந்திருக்கவில்லை. சர்வீஸ் சென்டர் பையன் தங்கமான பையன், விளக்கிச் சொன்னான்: "சார், ஐபி68ங்கறது லேப்ல, அசையாத நல்ல தண்ணியில வச்சுப் பாக்குற சோதனை. தண்ணி பூந்து கெட்டா வாரண்டில வராது சார்."

"ஆத்துத் தண்ணி நல்ல தண்ணிதானய்யா?"

"நல்ல தண்ணிதான் சார். ஆனா ஓடுதுல்லா?"

இந்த விளம்பர வித்தையில் கைதேர்ந்தவர்களுக்கே சமயத்தில் கை நழுவும். 2024 மே மாதம் ஐபேடு ப்ரோவுக்கு ஆப்பிள் எடுத்த விளம்பரத்தில், ஒரு ராட்சத இயந்திரம் பியானோ, ட்ரம்பெட், பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் போட்டு நசுக்கும். கடைசியில் மெல்லிசாக ஓர் ஐபேடு வெளியே வரும். கலைஞர்கள் கொதித்துப்போனார்கள். குறி தப்பிவிட்டது என்று கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அண்ணாச்சிக்கு மட்டும் அந்த விளம்பரத்தில் குறையே தெரியவில்லை. "அம்புட்டும் அதுக்குள்ள அடக்கம் தம்பி" என்றபடி, மூலையில் இருந்த மதினியின் ஆர்மோனியத்தை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அதும்மேல கைய வச்சிய, நசுங்கப்போறது ஆர்மோனியம் இல்ல" என்றாள் மதினி.

இப்போது எல்லாச் சாமானுக்கும் ஏஐ வந்துவிட்டது. 'உங்கள் மனதைப் புரிந்துகொள்ளும் ஏசி' ஒன்று அவர் வீட்டுச் சுவரில் ஏறியிருக்கிறது. "மனசப் புரிஞ்சது சரி, கரண்ட் பில்ல யாரு கெட்டுவா?" என்பது மதினியின் நிபந்தனை.

ஏசிக்கான முதல் தவணைக்காகப் பழைய நள்ளிரவை விற்றுவிடுவதென்று முடிவானது. இத்தனை வருஷக் கேள்விஞானம் வீண்போகுமா? அண்ணாச்சியே விளம்பரம் எழுதினார்: 'இது வெறும் போன் அல்ல. ஒரு குடும்பத்தின் சிரிப்பைச் சேர்த்துவைத்த பெட்டகம். உங்கள் கைகளுக்காகக் காத்திருக்கிறது.' எத்தனை ஜிபி, எத்தனை வருஷப் பழசு, மூச்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வந்து இறங்கினார். விளம்பரத்தை வாய்விட்டுப் படிக்கும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. போனை ஆன் செய்துகூடப் பார்க்காமல் ஜிப்பாப் பைக்குள் கையை விட்டுப் பணத்தை எடுத்தார். மதினிக்கு மனசு கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ஒரு சொல் கேட்டுக்கிடுங்க. மத்தியானத்துக்கு மேல சார்ஜ் நிக்காது. ஸ்பீக்கரு கரகரங்கும். மூலையில ஒரு கீறலும் கெடக்கு."

"அதெல்லாம் இருந்துட்டுப் போட்டும் தாயி" என்றார் ஹெட்மாஸ்டர், போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "கலரு நள்ளிரவுதான?"