சிறார் மிதிவண்டி உயரம்: காரைக்கால் வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

சைக்கிள் வாங்க வருகிறவர் பிள்ளையின் வயதைச் சொல்கிறார். கடைக்காரர் சக்கரத்தின் அங்குலத்தைச் சொல்கிறார். பெடலை மிதிக்கப்போகும் காலைப் பற்றி இருவரும் மூச்சு விடுவதில்லை. இந்த மௌனத்தை ஆராய்வதே நம் நோக்கம். களம்: காரைக்கால். மேடென்று சொல்லத்தக்க மேடு இல்லாத டெல்டா ஊராதலால், கியர் பற்றிய விவாதம் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யப்படுகிறது.

முதலில் அங்குலம். மீட்டரைப் பெற்றெடுத்த பிரான்ஸ் 1954 வரை ஆண்ட ஊரில் பிள்ளைகளின் சைக்கிளை அங்குலத்தில் விற்பது சரித்திர வேடிக்கை. ஆனால் பிரெஞ்சுக் கணக்கும் நம்மைக் கரை சேர்க்காது. அவர்களுடைய 700 சி சக்கரத்தில் டயர் உட்காரும் விளிம்பு 622 மி.மீ. மட்டுமே. நம் கடைகளின் 16 அங்குலமும் அதே ரகம்: விளிம்பு 305 மி.மீ., அதாவது வெறும் 12 அங்குலம். காற்றடித்த டயரையும் சேர்த்தால்தான் பதினாறை ஒட்டி வரும். டயரின் பருமனை வைத்துப் பிள்ளையின் காலை அளந்தவர் உலகில் உண்டா?

பழைய வாடகை சைக்கிள் கடைக்காரர்கள் இதில் தெளிவாக இருந்தார்கள். கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி எனப் பின்னங்களாகப் பகுத்திருந்தார்கள். வந்து நிற்கும் பையனை மேலும் கீழும் ஒரு பார்வை. உரிய பின்னம் வெளியே வரும். வாடகைக்குக் காசில்லாதவன் அப்பாவின் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டு, உடம்பு ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகக் குரங்குப் பெடல் அடித்தான். 2024-இல் அந்தப் பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்துவிட்டது.

இன்று கோலோச்சுவது பாட்டியர் மரபு. பாரதியார் சாலைக் கடையொன்றில் பதிவானது:

“வளர்ற புள்ளப்பா. இருபதாவே எடுத்துரு.”

“அம்மா, இவளுக்கு அஞ்சு வயசுதானே ஆவுது.”

“சீட்டை இறக்கிடலாம் சார்,” என்று கடைக்காரர் ஸ்பானரை எடுத்தார். சீட்டு ஃபிரேமில் முட்டி நின்றது. குழந்தையின் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது, அதுவும் வண்டியை இடப்பக்கம் சாய்த்தபோது. “எட்டுதுல்ல?” என்றார் பாட்டி, வழக்கை முடித்துவைக்கும் குரலில். பள்ளிச் சீருடையை இரண்டு சைஸ் பெரிதாகத் தைத்து மடித்து அடிக்கும் அதே பொருளாதாரம். ஒரு வேறுபாடு உண்டு: பெரிய பாவாடை பிள்ளையைக் கீழே தள்ளாது.

கால் தரையில் பட வேண்டும் என்று இந்த ஊரில் வாதாடுவது எளிதல்ல. தலையால் நடந்தே கயிலை ஏறிய அம்மையாரின் ஊர் இது. இருப்பினும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு நம் பக்கம். சிறுவர் சைக்கிளுக்கான ஐ.எஸ்.ஓ. 8098, சக்கரத்தைக் கொண்டு வகை பிரிக்கவில்லை. சீட்டின் உச்ச உயரம் 435 மி.மீ.க்கு மேல், 635 மி.மீ.க்குள் என்று வகுக்கிறது.

செய்முறை சுலபம். பிள்ளையைச் செருப்போடு சுவரோரம் நிறுத்தி, கால்களுக்கிடையே ஒரு நோட்டுப் புத்தகத்தை முட்டும்வரை உயர்த்தி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்கவும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குச் சீட்டு அந்த உயரத்தைத் தாண்டக் கூடாது. இரு பாதமும் தரையில் பதிய வேண்டும். பிரேக் பிடிக்க விரல் எட்டுகிறதா என்பதையும் பார்க்கவும். பெரிய சைக்கிளில் பெரும்பாலும் எட்டாது.

விடுமுறைக்கு பாரிஸிலிருந்து வரும் மாமாக்கள் பெடலையே கழற்றிவிடச் சொல்கிறார்கள். கேலி வேண்டாம். 1817-இல் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முன்னோடி வண்டிக்கும் பெடல் கிடையாது, காலால் உந்தித்தான் ஓட்டினார். பேலன்ஸ் முதலில், மிதிப்பது பிறகு. சைடு வீல் இதற்கு நேர் எதிரானதைக் கற்றுத் தருகிறது என்பது என் கட்சி. அரசலாற்றங்கரைச் சாலையில் மாலை வேளை கடற்கரை நோக்கிப் போகிற பிள்ளைக்குக் கடற்காற்று முகத்தில் அடிக்கும்; கனமான, எட்டாத வண்டி அங்கே பாதியில் நின்றுவிடும்.

மேற்படி கடையில் கடைசியில் 16 அங்குலம் எடுக்கப்பட்டது. பாட்டி முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சைக்கிளும் குழந்தையும் சேர்ந்தும் பழம் நசுங்கவில்லை. உருண்டு சாக்கடைப் பக்கம் போனது. கடைக்காரர் எட்டிப் பிடித்து, தன் குதிகாலால் மிதித்து நசுக்கிக் கொடுத்தார்.