கேலரியை அறையாக்கலாமா?

மழைக்கு முன்னால் கேலரியை, அதாவது பால்கனியை, மூடிவிட வேண்டும் என்ற அவசரத்தில் டோம்பிவிலிப் பக்கமிருந்து வந்த கடிதங்கள் இவை. அவசரம் புரிகிறது. ஆனாலும் கண்ணாடிக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள்.

எங்கள் ஒன் பி.எச்.கே.யில் ஐந்து பேர். கேலரியை அடைத்தால் பத்தாவது படிக்கும் மகனுக்கு ஓர் இடம் கிடைக்கும். அடைப்பது சரியா, தவறா?
*வாசகி, மான்பாடா சாலை*

உங்கள் தேவை முழுக்க நியாயமானது. ஐந்து பேர் வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு நாலடி மூலை கிடைப்பதை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். கேலரி என்பது கட்டடம் வெளியே நீட்டியிருக்கும் கை. அந்தக் கையில் புத்தகப் பையை மாட்டலாம், அரிசி மூட்டையை ஏற்றக் கூடாது. எடை குறைவாக இருக்க வேண்டும், காற்று வர வேண்டும், சொசைட்டியும் மாநகராட்சியும் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் அடையுங்கள். ஒன்று குறைந்தாலும் அது வரும்வரை பொறுங்கள்.

'கண்ணாடி எதற்கு, நாலு இஞ்ச் செங்கல் சுவர் எழுப்பி ஜன்னல் வைத்தால் காலத்துக்கும் கெட்டி' என்கிறார் கான்ட்ராக்டர். செய்யலாமா?
*வாசகர், தாகுர்லி*

சுவர் கெட்டிதான். அதைத் தாங்க வேண்டிய கேலரி கெட்டியா என்பதுதான் கேள்வி. ஒன்பதடி உயர நாலு இஞ்ச் செங்கல் சுவர், பூச்சைச் சேர்க்காமலே மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் வரும். மூன்று மீட்டர் கேலரி என்றால் ஒன்றரை டன். அதுவும் கேலரியின் வெளி விளிம்பில், அதாவது பாரம் மிக அதிகமாக இழுக்கும் இடத்தில் உட்காரும். 6 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோதான். அதே அளவுக்கு அலுமினியச் சட்டத்தோடு ஏறக்குறைய 200 கிலோவில் முடிந்துவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. வெளியே நீட்டிய ஸ்லாபில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போட்ட அன்று ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கியிருந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சந்தேகம் இருக்கும்போது ஒன்றரை டன்னை அதன் நுனியில் ஏற்றாதீர்கள்.

ஹாலும் கேலரியும் ஒரே மட்டமாக இருக்க மூன்று இஞ்ச் நிரப்பி டைல்ஸ் போடப் போகிறோம். பரவாயில்லையா?
*வாசகி, திலக் நகர்*

பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. மூன்று இஞ்ச் மணல்-சிமென்ட் நிரப்பு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின்படி, வீட்டு பால்கனியில் ஆட்களுக்கும் சாமானுக்கும் சேர்த்து ஒதுக்கும் பாரமே சதுர மீட்டருக்கு 300 கிலோதான். ஒரு நாற்காலி போடுவதற்கு முன்பே அதில் பாதியைத் தரைக்குத் தந்துவிடுகிறீர்கள். மட்டம் வேண்டுமானால் லேசான அலுமினியச் சட்டத்தின் மேல் பலகை பொருத்துங்கள். அடியிலே தரைச் சரிவும், நானி ட்ராப் என்று பிளம்பர் சொல்லும் வடிகால் வாயும் அப்படியே இருக்கட்டும். பலகையைத் தூக்கிச் சுத்தம் செய்ய வழி வையுங்கள்.

ஹாலுக்கும் கேலரிக்கும் நடுவே இருக்கும் சுவரை எடுத்துவிட்டால் வீடு பெரிதாகத் தெரியும். எடுக்கலாமா?
*வாசகர், விஷ்ணு நகர், டோம்பிவிலி மேற்கு*

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் வந்து பார்த்து, எழுதிக் கொடுக்கும்வரை ஒரு செங்கல்லைக்கூடத் தொடாதீர்கள். பழைய கட்டடங்களில் அந்தச் சுவரே மேல் ஸ்லாபைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். பீம் போட்ட கட்டடமானாலும், சுத்தியல் அடிக்கிறவருக்குச் சுவர் எங்கே முடிகிறது, தூண் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 2017 ஜூலை 25 அன்று மும்பை காட்கோபரில் ஒரு நான்கு மாடிக் கட்டடம் சரிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் நடந்த மாற்ற வேலைதான் வழக்கின் மையம். மாற்றியது ஒரு தளம். பலியானவர்களில் அந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் இருந்தார்கள். உங்கள் சுவர் உங்களுடையது மட்டும் இல்லை. மேலே தூங்குகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

கட்டடத்துக்கு 15 வயது தாண்டியிருந்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், 30 தாண்டியிருந்தால் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் செய்ய வேண்டும் என்று சொசைட்டி மாதிரி விதிகள் சொல்கின்றன. கடைசி ஆடிட் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

செக்ரட்டரி 'செய்துக்குங்க' என்று வாயால் சொல்லிவிட்டார். எங்கள் கட்டடத்தில் ஏற்கெனவே பலர் அடைத்திருக்கிறார்கள். போதாதா?
*வாசகர், நாந்திவிலி*

போதாது. செக்ரட்டரி அடுத்த தேர்தலில் மாறுவார், வாய்ச்சொல்லும் அவரோடு போகும். கமிட்டியின் எழுத்து அனுமதி வேண்டும். அதற்கு மேல், அங்கீகரிக்கப்பட்ட பிளானில் பால்கனி என்று காட்டியதை அறையாக மாற்றுவதற்குக் கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் அனுமதி கேட்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஆர்க்கிடெக்ட் மூலமாகப் போங்கள். அனுமதி இல்லாத வேலையை இடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்ல 1966-ஆம் ஆண்டு எம்.ஆர்.டி.பி. என்ற மாநில நகரமைப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு இடம் தருகிறது. நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வந்தால், 'அவரும் செய்தார்' என்பது பதிலாகாது.

எங்கள் கட்டடமே அந்த 65-இல் ஒன்று என்கிறார்கள். கேலரி வேலைக்குச் சேர்த்து வைத்த பணம் இருக்கிறது. என்ன செய்ய?
*பெயர் வேண்டாம், டோம்பிவிலி கிழக்கு*

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போலி அனுமதிக் காகிதங்களைக் காட்டி, வீட்டு விற்பனை ஒழுங்குமுறை அமைப்பான மகாரேராவின் பதிவு வாங்கிய 65 கட்டடங்களை இடிக்கச் சொல்லி மும்பை உயர்நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது. வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு அங்கே குடியேறியவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள். அந்தக் கோபம் நியாயமானது.

இப்போது ஒரு ரூபாய்கூடக் கேலரிக்குப் போடாதீர்கள். அந்தப் பணம் வக்கீலுக்கும், நகல்கள் வாங்கவும், தேவைப்பட்டால் வாடகைக்கும் வேண்டியிருக்கும். தனியாக நிற்காமல் மற்றக் குடும்பங்களோடு சேர்ந்து வழக்கை நடத்துங்கள். வீடு வாங்கப்போகும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: ரேரா எண்ணோடு நிறுத்தாதீர்கள். பிளான் அனுமதி எண்ணை எடுத்துக்கொண்டு மாநகராட்சிக்கே போய், அது அங்கே வழங்கப்பட்டதுதானா என்று கேளுங்கள்.

ஒவ்வொரு மழைக்கும் முன்னால் சிலிக்கான் அடிக்கிறோம். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் உள்ளே வருகிறது. ஏன்?
*வாசகி, ராம்நகர்*

சிலிக்கான் கடைசிக் காவல், அதை முதல் காவலாக நிறுத்தியிருக்கிறீர்கள். இங்கே மழை தென்மேற்குக் காற்றோடு சாய்ந்து வரும். தெற்கு, மேற்கு பார்த்த கேலரிகள் தடுப்பணை மாதிரி வாங்கிக்கொள்ளும். முதலில் ஜன்னலின் கீழ்க் கல் பலகை வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா பாருங்கள். அது உள்ளே சரிந்திருந்தால் எந்தப் பசையும் காப்பாற்றாது. அடுத்து, ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த் தண்டவாளத்தில் வெளியே திறக்கும் சிறு துளைகள் இருக்கும். தூசியாலும், சில நேரம் நீங்கள் அடித்த சிலிக்கானாலுமே அவை அடைந்துபோகும். குண்டூசியால் குத்தித் திறந்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். மூன்றாவது, ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சஜ்ஜாவின் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு பள்ளக் கோடு வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து ஜன்னல் தலைக்கு வந்துவிடும்.

எங்களுடையது டெரஸ் ஃப்ளாட். மழைக்கு மட்டும் போட்ட ஷெட்டை வருஷம் முழுக்க வைத்து அறையாக்கலாமா? பத்ராவா, பாலிகார்பனேட்டா?
*வாசகர், சாஸ்திரி நகர்*

மழைக்காலத் தற்காலிக ஷெட் வேறு, நிரந்தரக் கூரை வேறு. கூரையும் சுவரும் வந்த நிமிடமே அது கட்டுமானம், முன்னே சொன்ன அனுமதி அத்தனையும் வேண்டும். அனுமதி கிடைத்தால்: வெறும் பத்ராத் தகடு மழையில் பேச விடாது, மே மாதத்தில் உட்கார விடாது. பாலிகார்பனேட் வெளிச்சம் தரும், அதோடு வெப்பத்தையும் உள்ளே பிடித்து வைக்கும். இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்த பஃப் பேனல் சத்தத்தையும் சூட்டையும் குறைக்கும். எதைப் போட்டாலும் காற்று அடியிலிருந்து தூக்கும் என்று கணக்குப் போட்டு இறுக்குங்கள். டெரஸின் வாட்டர்ப்ரூஃபிங்கில் ஆணி இறக்காதீர்கள், கீழ் வீட்டுக் கூரை ஒழுகும்.

எம்.ஐ.டி.சி. குடியிருப்புப் பகுதியில் இருக்கிறோம். ரசாயன வாடைக்காகக் கேலரியைக் கண்ணாடியால் அடைத்தோம். 2024-இல் எல்லாம் நொறுங்கியது. மறுபடி எந்தக் கண்ணாடி?
*வாசகி, எம்.ஐ.டி.சி. நிவாசி விபாக்*

2016 மே 26, 2024 மே 23. எட்டு ஆண்டு இடைவெளியில் உங்கள் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் இரண்டு பெரிய வெடிவிபத்துகள். இரண்டு நாளும் ஆலைக்கு வெகு தூரத்தில் இருந்த வீடுகளிலும் கண்ணாடி உடைந்தது. அதனால் உங்களுக்கு லேமினேட்டட் கண்ணாடிதான். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருக்கும். உடைந்தாலும் சில்லுகள் பெரும்பாலும் படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். டஃபன்ட் கண்ணாடி கூரான துண்டாகாமல் சிறு மணிகளாக உடையும், ஆனால் மொத்தமும் கொட்டிவிடும். சாதாரணக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். குழந்தையின் கட்டிலையும் படிப்பு மேசையையும் கண்ணாடியை ஒட்டிப் போடாதீர்கள்.

வாடை ஜன்னல் இடுக்கு வழியாகவும் வரும். 2020 பிப்ரவரியில் இதே எம்.ஐ.டி.சி.யில் ஒரு சாலையே இளஞ்சிவப்பாக மாறியது நினைவிருக்கும். இந்த ரசாயன மாசுக்கு மருந்து கண்ணாடிக் கடையில் கிடைக்காது. தேதி, நேரம் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிக்கொண்டே இருங்கள். நான்கு குடும்பமாகக் கையெழுத்துப் போட்டு எழுதுங்கள்.

புறாத் தொல்லைக்காகத்தான் அடைக்க நினைக்கிறோம்.
*வாசகர், கோபர்*

அதற்கு வலை போதும், செலவும் எடையும் மிச்சம். புறா எச்சத்தின் தூசியால் நுரையீரல் நோய் வரலாம் என்பதால் சுத்தம் செய்யும்போது காய்ந்ததைப் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு அள்ளுங்கள்.

அடைத்த கேலரியில் கேஸ் கீசர் வைக்கலாமா?
*வாசகி, தாகுர்லி*

கூடாது. காற்றோட்டமில்லாத இடத்தில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கேஸ் மீட்டரோ குழாயோ கேலரியில் இருந்தால், கேஸ் கம்பெனியைக் கேட்காமல் அதை அடைக்காதீர்கள். பாக்ஸ் கிரில் போடுகிறவர்களும் கேளுங்கள்: அதில் ஒரு கதவு திறக்க வேண்டும், சாவி பக்கத்திலேயே தொங்க வேண்டும். தீப்பிடித்த நேரத்தில் தேடக் கூடாது.

அடைத்த கேலரியைக் கார்ப்பெட் ஏரியாவில் சேர்த்து விற்கலாமா?
*வாசகர், பலாவா*

முடியாது. 2016-ஆம் ஆண்டு ரேரா சட்டத்தின் கார்ப்பெட் ஏரியா விளக்கம் பால்கனியையும் திறந்த டெரஸையும் வெளியே வைக்கிறது. கண்ணாடி போட்டதால் பத்திரத்தில் இருக்கும் பரப்பு வளராது. வாழ்வதற்காக அடையுங்கள், விற்பதற்காக வேண்டாம்.

எனக்கு 74 வயது. திருநெல்வேலிப் பக்கம் திண்ணை வைத்த வீட்டில் பிறந்தவள். இங்கே நாற்பது வருஷமாக என் திண்ணை இந்தக் கேலரிதான். காலையில் காபியோடு உட்கார்ந்தால் பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், லோக்கலுக்கு ஓடுகிறவர்கள் எல்லாரையும் பார்ப்பேன். பேத்தி படிக்க இடம் வேண்டும் என்று மகன் அடைக்கப் போகிறான். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.
*ஒரு பாட்டி, டோம்பிவிலி*

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை அம்மா. எப்படி அடைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டு தண்டவாள ஜன்னல் பாதிதான் திறக்கும், மூன்று தண்டவாளம் வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும். மூன்றைக் கேளுங்கள். கீழ்ப்பகுதிக்கு மங்கல் கண்ணாடி போடுவார்கள். உட்கார்ந்தால் தெரு மறைந்துவிடும். தெளிந்த கண்ணாடி வேண்டும் என்று சொல்லுங்கள். பேத்திக்குப் பக்கச் சுவரில் மடக்கு மேசை. காலையில் அது மடங்கியிருக்கட்டும், மாலையில் விரியட்டும். அக்டோபர் வெயிலுக்கு வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி. உள்ளே திரை போட்டால் சூடு வந்த பிறகுதான் தடுக்கும்.

கண்ணாடிக்காரர் அளவெடுக்க வரும் நாளில் உங்கள் நாற்காலியை வழக்கமான இடத்திலேயே போட்டு, காபியோடு உட்கார்ந்திருங்கள். தரையிலிருந்து உங்கள் கண் எவ்வளவு உயரம் என்பதையும் அவர் அளந்து எழுதிக்கொள்ளட்டும். ஜன்னல் சட்டத்தின் குறுக்குக் கம்பி அந்த உயரத்தில் வரக் கூடாது.